டெக்ஸ்டைல்காரருக்கு இலவசம்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஜெர்மன் பாஷை நன்றாகத் தெரியும். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். கோயமுத்தூர் மில்லில் ஃபிட்டராக இருந்தவரைப் புது மெஷின் பழகிவிட்டு வா என்று அறுபதுகளின் கடைசியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருந்த ஒரு நூற்பு மெஷின் கம்பெனிக்கு அனுப்பி வைத்தார்கள். மெஷினைப் பழகிக்கொண்டார். திரும்பி வருவதைத்தான் மறந்துவிட்டார். நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். திருகு, பல்சக்கரம், எண்ணெய், உடைந்துவிட்டது, இனிமேல்தான் உடையும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஜெர்மன் வார்த்தை உண்டு. மனுஷரோடு பேசும்போது மட்டும் கொஞ்சம் இடிக்கும்.

எனக்குப் படிப்பு மூணாம் கிளாஸோடு சரி. அந்த ஊர் எழுத்தை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ரொட்டிக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் காதால் கேட்டு வந்த பேச்சுதான். எங்கள் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரிப் பேசினது எங்கள் மகள். ஏழு வயசு, ஒற்றைப் பிள்ளை. தமிழும் பேசுவாள், ஜெர்மனும் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். வீட்டில் எதையும் அவளுக்குத் தெரியாமல் நடத்த வேண்டும், இல்லையென்றால் மாடி வீட்டுக்காரிக்கும் தெரியும் என்று விட்டுவிட வேண்டும்.

அந்த மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நங்கையா வந்தார்.

நங்கையா என்றால் எங்கள் பக்கம் புருஷனுடைய அக்காளைக் கூப்பிடும் முறை. தாயில்லாமல் போன தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே தாலியறுத்து, குழந்தையும் இல்லாமல், தோட்டத்தையும் ஆட்களையும் ஒரு சத்தத்தில் ஆட்டி வைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதற்கு எங்கள் வீட்டுக்காரர் வாழ்நாளில் மறுவார்த்தை பேசினதில்லை. கம்பெனியில் யூனியன் கூட்டத்தில் மேசையைத் தட்டுவாராம். அக்காள் முன்னால் மேசையைத் துடைப்பார்.

எழுபதுகளின் நடுவே ஒரு கோடையில் வெள்ளைச் சேலையும் கையில் தூக்குப்போசியுமாக விமானத்திலிருந்து இறங்கினார். தூக்குப்போசியில் கம்பு மாவு இருந்தது. ஜெர்மனியில் சாப்பாடு கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயந்திரமே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"தம்பி, புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். சோறு வேண்டாம்னு ரொட்டியக் கேக்குது. எதைச் சொன்னாலும், மாட்டேங்கறதுக்கு, நைன் நைன்னு தலையாட்டுது. இன்னும் ரெண்டு வருஷம் போனா நம்ம பேச்சே மறந்து போயிரும். அங்க வந்து பள்ளிக்கூடம் போகட்டும். என் மடியில வளரட்டும்."

"நீங்க சொன்னாச் சரிங்க்கா," என்றார் இவர்.

பிள்ளையைப் பெற்றவள் நான் அடுப்படியில் இருந்தேன். என்னைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளை என்ன, பால் வாங்கி வைத்த சொம்பா, இங்கிருந்து எடுத்து அங்கே வைக்க? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

மறுநாள் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்கக்கா வாயிலிருந்தே வேண்டாம்னு வர வெக்கோணும். உங்க வாயிலிருந்து அது வராதுன்னு எனக்குத் தெரியும்."

இவர் யோசித்தார். அவருக்கு யோசனை வந்தால் மீசையை நீவுவார். "அக்கா இந்த நாட்டைப் பாக்கலே, அதான். பாத்தா மனசு மாறிரும். ஒரு வாரம் லீவு சொல்லி கார்ல கூட்டிட்டுப் போவோம். மலை, காடு, அருவி எல்லாம் இருக்குது. வெந்நீர் ஊத்தும் இருக்குது. அக்காவுக்கு முட்டி வலி வேற. நல்ல நாடு, மரியாதையான நாடுன்னு தெரிஞ்சுக்குவாங்க."

மரியாதையான நாடு. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் ஒன்று வைத்திருந்தார். அது மேடு ஏறும்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் சாமியைக் கும்பிட வேண்டும். நான் புளிச்சோறு கட்டினேன், தயிர்ச்சோறு கட்டினேன், நங்கையாவின் முட்டிக்குத் தைலம் எடுத்துக்கொண்டேன். அந்தத் தைலத்தை மூடி திறந்தால் பாம்பு கூட ஊரைக் காலி பண்ணிவிடும்.

கருங்காடு என்று பேர். ஜெர்மன்காரர்கள் வைத்த பேர்தான், நாமாகச் சொன்னதில்லை. உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் மரம், மரம், மேலும் மரம். நங்கையா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வெகுநேரம் கழித்து, "இத்தனை வெறகை வெச்சுக்கிட்டு இவங்க ஏன் தம்பி கரண்டுல சமைக்கறாங்க?" என்றார். நாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அருவியைக் காட்டினோம். ஊரெல்லாம் போட்டோப் பெட்டியோடு வந்து நின்று ஆகா ஓகோ என்றார்கள். நங்கையா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நம்ம வாய்க்கா மதகு தொறந்தா இதுக்கு மேல விழுகும்" என்றார். இவருக்கு முகம் விழுந்துவிட்டது. அருவியைத் தானே செதுக்கி வைத்த மாதிரி அவருக்கு ஒரு பெருமை.

வழிநெடுக வீட்டுக்கு வீடு ஒரு பலகை தொங்கும். மகள் படித்துச் சொன்னாள், "சிம்மர் ஃப்ரை." நங்கையா விளக்கம் கேட்டார்.

"ரூம்பு ஃப்ரீன்னு போட்டிருக்குதுங்க்கா," என்றார் இவர்.

"சும்மாவா குடுக்கறாங்க? நல்ல ஜனமா இருக்குதே!"

"சும்மா இல்லீங்க்கா. காலியா இருக்குதுன்னு அர்த்தம்."

அந்த மாதிரி ஒரு வீட்டில்தான் தங்கினோம். வீட்டுக்காரி நல்ல மனுஷி. மெத்தைக்கு மேல் இன்னொரு மெத்தையைப் போட்டுப் போர்த்திக்கொள்ளச் சொன்னாள். நங்கையா இரண்டையும் விட்டுவிட்டுத் தரையில் சேலையை விரித்துப் படுத்தார். காலையில் வீட்டுக்காரியும் மகளும் சமையலறையில் என்னவோ பழமை பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் ஓடி வந்து அத்தை காதில் சொல்கிற மாதிரி ஊருக்கே கேட்கச் சொன்னாள்.

"அத்தை, ரூம்புல குதிரை லாயம் நாத்தம் அடிக்குதுன்னு அவங்க சொல்றாங்க. அது குதிரை இல்லே, எங்க அத்தை தைலம்னு நான் சொன்னேன். நீங்க கார்ல ஏப்பம் விட்டதையும் சொன்னேன். ரெண்டு தடவை. மூணாவது ஏப்பம் இல்லேன்னும் சொன்னேன்."

நங்கையா என்னைப் பார்த்தார். "புள்ளைய வளத்திருக்கற லட்சணம்! ஊருக்கு வரட்டும். வாயை மூடிப் பொட்டாட்டம் இருக்கறது எப்படின்னு நான் சொல்லித் தர்றேன்."

அந்தப் பயணத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு குறை கிடைக்கும்போதெல்லாம் அவர் அதைச் சேலை முந்தியில் முடிந்து வைத்துக்கொண்டு வந்தார். நான் முடிச்சை எண்ணிக்கொண்டே வந்தேன்.

அன்றைக்குக் காலையில் கடிகாரக் காட்சிசாலை. மரப்பெட்டியிலிருந்து மரக்குயில் வெளியே வந்து கூவிவிட்டு உள்ளே போய்விடும். வாசலில் ஒரு பலகை. மகள் படித்தாள், "ஐன்ட்ரிட் ஃப்ரை."

"உள்ள காலியா இருக்குதா?" என்றார் நங்கையா.

"இல்லீங்க்கா, இது அந்த ஃப்ரை இல்லே. இது சும்மா போலாம், டிக்கெட் இல்லேன்னு அர்த்தம்."

"ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தமா? எப்படிடா வெவரம் தெரியும்?"

"எடத்தைப் பொறுத்துங்க்கா. பழகினவங்களுக்குத் தெரியும்," என்று மீசையை நீவினார். உள்ளே ஒரே சமயத்தில் அத்தனை குயிலும் கூவ ஆரம்பிக்கவும் நங்கையா காதைப் பொத்திக்கொண்டு, "நல்லவேளை, டிக்கெட் இல்லாமப் போச்சு" என்றார்.

மத்தியானம் வெந்நீர் ஊற்று. அந்தப் பக்கத்தில் வெந்நீர் ஊறுகிற ஊருக்கெல்லாம் பேர் 'பாட்' என்று ஆரம்பிக்கும். குளியல் என்று பொருளாம். பெரிய கல்கட்டிடம், முன்னால் பூச்செடி, நம் ஊர்க் கலெக்டர் பங்களா போல இருந்தது. நங்கையாவுக்கு முதல் தடவையாகத் திருப்தி. காலைக் கழுவிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். தீர்த்தம் என்றே நினைத்துக்கொண்டார், நாங்களும் அப்படித்தான் சொல்லியிருந்தோம்.

உள்ளே இரண்டு வழி. இடது பக்கக் கதவுக்கு மேல் ஒரு பலகை, வலது பக்கக் கதவுக்கு மேல் ஒரு பலகை. இந்தத் தடவை மகள் படிக்கவில்லை, அவள் பூச்செடியில் இருந்தாள். வலது பக்கத்துப் பலகையை இவரே படித்தார். படித்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றைக்குக் கூட நான் அதைப் பார்த்ததில்லை.

"அக்கா! இங்க பாருங்க. டெக்ஸ்டில்ஃப்ரைன்னு போட்டிருக்கான்!"

"அப்படின்னா?"

"டெக்ஸ்டைல்காரங்களுக்கு ஃப்ரீ! நம்ம ஆளுகளுக்கு! மில்லு வேலை செய்யறவங்களுக்கு இந்த ஊர்ல என்ன மரியாதை பாத்தீங்களா?"

எனக்கும் ஒன்றும் சந்தேகம் வரவில்லை, பொய் சொல்லக் கூடாது. கோயமுத்தூரில் பிறந்தவளுக்கு டெக்ஸ்டைல் என்றால் வேறு என்ன தோன்றும்? எங்கள் அப்பன் மில்லு, அண்ணன் மில்லு, சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவுக்கு விடியும். நூற்பு மெஷின் செய்கிற ஊர் அத்தனை தூரத்தில் இல்லை. கம்பெனிக்காரர்களுக்கு இப்படி ஒரு சலுகை இருக்காதா?

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களை ஒரு தடவை பார்த்தாள். என் சேலையைப் பார்த்தாள், நங்கையாவின் சேலையைப் பார்த்தாள். என்னவோ கேட்டாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினார். "டெக்ஸ்டில்! டெக்ஸ்டில்! ஃப்ரை!"

அவள் அட்டையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் சட்டைக் கழுத்தை இரண்டு விரலால் இழுத்துக் காட்டி, விரலை ஆட்டி, 'நைன்' என்றாள்.

"என்ன சொல்றா?" என்றார் நங்கையா.

"அவ போட்டிருக்கற சட்டை நம்ம கம்பெனி மெஷின்ல ஓடின நூலு இல்லையாமா," என்றார் இவர். கொஞ்சமும் தயங்கவில்லை.

கடைசியில் பணமும் வாங்கிக்கொண்டாள். அதற்கும் இவரிடம் பதில் இருந்தது. "எனக்கு மட்டும்தான் ஃப்ரீ போல. கூட வர்றவங்களுக்குக் கட்டணும். நியாயந்தானே?" அவருக்கும் சேர்த்துத்தான் வாங்கினாள் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே போகக் கூடாது.

உள்ளே ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். அந்த மட்டும் சாமி புண்ணியம். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, நங்கையாவை முன்னால் விட்டு, நான் பின்னால் போனேன். ஒரு கனத்த திரையை விலக்கினோம். வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. ஆவி கொஞ்சம் விலகியது.

ஊரிலுள்ள கிழவிகள் எல்லாம் அங்கே இருந்தார்கள். தலையில் ரப்பர்க் குல்லா போட்டிருந்தார்கள். போட்டிருந்தது அவ்வளவுதான்.

கரையில் உட்கார்ந்திருந்தவர்கள், தண்ணீருக்குள் நின்றவர்கள், கோப்பையில் என்னவோ குடித்துக்கொண்டு நடந்தவர்கள் எல்லாரும் அப்படியேதான். மாசி மாசத்துப் பூசணிக் காட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஒருத்திக்கும் வெட்கமில்லை. எங்களைப் பார்த்துத்தான் திகைத்தார்கள். உடுத்திக்கொண்டு வந்த நாங்கள்தான் அங்கே அசிங்கம்.

புள்ளை போச்சு என்று நினைத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. இனி எந்த அருவியும் எந்தக் குயிலும் என் பிள்ளையைக் காப்பாற்றாது. மரியாதையான நாடு!

"சிவ சிவா," என்றார் நங்கையா. குரலே எழும்பவில்லை. "எங்கடி அவன்? எங்க என் தம்பி? இந்த ஊர்லயா என் வீட்டுப் பொட்டப்புள்ள வளருது?"

அதற்குள் வெள்ளை அங்கி போட்ட காவல்காரி ஒருத்தி வந்தாள். நல்ல உயரம், குரலும் அதற்குத் தக்க. சேலையைக் காட்டிக் காட்டிப் பேசினாள். மகள்தான் பொறுமையாக மொழிபெயர்த்தாள்.

"அத்தை, துணியோட தண்ணிக்குள்ள போகக் கூடாதாம். துணி அழுக்காம்."

"துணி அழுக்கா?" நங்கையாவுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "விடியக்காலம் தொவச்சுக் கட்டின சேலை! இதா அழுக்கு? இவ ரோட்டுல போற செருப்போட உள்ள வந்திருக்கா, அதைக் கேளு!"

மகள் கேட்டாள். காவல்காரி குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். அதோடு கொஞ்சம் குரல் இறங்கியது. ஆனால் சட்டம் சட்டம்தான் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நங்கையா திரும்பினார். திரும்பினவருக்கு ஈரத் தரையில் முட்டி பிடித்துக்கொண்டது. காரில் மடக்கி மடக்கி வந்த கால். "அம்மாடி" என்று பக்கத்தில் இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த பெஞ்சு தண்ணீரை ஒட்டி இருந்தது. அவரைக் கேட்காமலே பாதம் தண்ணீருக்குள் போய்விட்டது.

எடுக்கவில்லை. நான் கவனித்தேன், எடுக்கவில்லை.

தண்ணீருக்குள் கழுத்தளவு நின்ற ஒரு கிழவி இதைப் பார்த்துச் சிரித்தாள். தன் முட்டியைத் தட்டிக் காட்டி, நங்கையாவின் முட்டியைக் கையால் சுட்டி, என்னவோ நீளமாகச் சொன்னாள்.

"என்ன சொல்றா அந்தக் கெழவி?"

"அவங்களுக்கும் முட்டி வலியாம் அத்தை. கம்பு ஊணித்தான் வருவாங்களாம். இதுல உட்காந்துட்டுப் போனா மாடிப்படி ஏறுவாங்களாம். வாங்க, வாங்கங்கறாங்க. நீங்க நல்லா அழகா இருக்கீங்களாம்."

"கெரகம்," என்றார் நங்கையா. கொண்டையைச் சரி பண்ணிக்கொண்டார்.

பாதம் தண்ணீரை அளைந்துகொண்டே இருந்தது. பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்க தெரிஞ்சவங்க யாரும் இல்லையே?"

"நான் இருக்கறனுங்க," என்றேன்.

"நீயெல்லாம் ஒரு ஆளா? அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

திரும்பி நின்றேன். சேலை அவிழ்கிற சத்தம் கேட்டது. பிறகு பிரளயம் வந்த மாதிரி ஒரு 'தொபுக்'. நான் திரும்பியபோது தண்ணீருக்கு மேல் தலையும் கொண்டையும் மட்டும் இருந்தது. கண் மூடியிருந்தது. பக்கத்தில் அந்தக் கிழவி. இரண்டு பேரும் ஒட்டுக்கா உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு பாஷையில், முட்டியைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். ஒருத்தருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"ஏ அம்மிணி," என்று ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார். அத்தனை வருஷத்தில் என்னை அப்படி அன்பாக அவர் கூப்பிட்டதில்லை. "கல்லா இருந்த முட்டி வெண்ணெயாட்டம் உருகுது."

அப்புறம் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். "தீர்த்தத்துல என்ன வெக்கம்? பழனி ஆண்டவனே ஆண்டிக் கோலத்துலதான நிக்கறான்."

மகள் கரையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே யோசித்தாள். "ஆனா அத்தை, அவர் கோமணமாச்சும் கட்டியிருக்காரே?"

நான் இறங்கினேனா என்று கேட்பீர்கள். அதையெல்லாம் எழுதுவதற்கு நான் அவ்வளவு படித்தவளில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது இவர் காரில் உட்கார்ந்திருந்தார். தலை காய்ந்திருந்தது, முகம் செவந்து கிடந்தது. வண்டியை எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை.

"என்னாச்சுங்க?" என்றேன்.

"உள்ள எங்க மைஸ்டர் இருந்தாரு." மைஸ்டர் என்றால் கம்பெனியில் இவருக்கு மேலே இருந்த மேஸ்திரி. "எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு."

"எப்படி?"

"எப்படின்னா? அப்படியேதான்."

ஆக, டெக்ஸ்டைல்காரர்கள் வருகிற இடம் என்று இவர் சொன்னது ஒரு விதத்தில் சரியாகத்தான் போயிற்று. பலகைக்கு அர்த்தமும் அந்த மைஸ்டர்தான் சொல்லிக் கொடுத்தாராம். இந்த ஃப்ரைக்குக் காலி என்றும் இல்லை, சும்மா என்றும் இல்லை, 'இல்லாமல்' என்று அர்த்தமாம். துணி இல்லாமல். மூன்றாவது அர்த்தம் ஒன்று இருப்பது பழகினவர்களுக்கும் தெரியாது போலிருக்கிறது. இவர் அக்காளைத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு கண்ணாடி வழியாகவே, "மன்னிச்சுக்குங்கக்கா, நாளைக்கு நல்ல எடமா, அரண்மனை பாக்கப் போலாம்" என்றார்.

நங்கையா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார், "அரண்மனை எங்கயும் ஓடிப் போகாது. நாளைக்கும் இங்கயே வந்துட்டுப் போலாம். மருந்துன்னா மறுவேளையும் போடோணும்."

மறுநாளும் போனோம். இவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த நாளும் போனோம். அரண்மனையை இன்றுவரைக்கும் நான் பார்க்கவில்லை. நங்கையா காவல்காரியிடம் வணக்கம் வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக் கிணற்றடிக்குப் போகிற மாதிரி உள்ளே போனார். கடைசி நாள் அவர் தலையிலும் ஒரு ரப்பர்க் குல்லா இருந்தது. அந்தக் கிழவி கொடுத்தது.

எனக்கு வெசனம் தீரவில்லை. முட்டி சரியாவது வேறு, மனசு மாறுவது வேறு. திரும்பி வரும் வழியில் பார்த்தால் அவர் பேச்சு பழையபடி அங்கேதான் போயிற்று. "ஊருல பள்ளிக்கூடம் தொறந்திருப்பாங்க. போனதும் சேத்துப்போடலாம். என்ன கண்ணு, அத்தை கூட வர்றியா?"

மகள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "வர்றேன் அத்தை! ஊருக்கு வந்து எல்லாத்துக்கிட்டயும் சொல்லுவேன்!"

"என்னத்தச் சொல்லுவே?"

"நீங்க துணி இல்லாமக் குளிச்சதை! பக்கத்துத் தோட்டத்துப் பண்ணாடிகிட்டச் சொல்லுவேன், பூசாரிகிட்டச் சொல்லுவேன், பால்காரர்கிட்டச் சொல்லுவேன். மொதல்ல சேலையக் கழட்டினாங்க, அப்பறம் தொபுக்குன்னு..."

இவர் ரோட்டை அப்படிக் கவனித்து ஓட்டி நான் பார்த்ததில்லை.

"சாமி," என்றார் நங்கையா மெதுவாக, "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"ஏன்?"

வழியில் பெட்ரோல் போட நிறுத்தினபோது நங்கையா தம்பியை அனுப்பிப் பெரிய சாக்லேட் ஒன்று வாங்கி வரச் செய்தார். மகள் அதை வாங்கி, பாதியைக் கடித்து, வாயில் வைத்துக்கொண்டே பெட்ரோல் போடுகிறவரிடம் ஜெர்மனில் என்னவோ சொன்னாள். அவர் குனிந்து பின் சீட்டில் இருந்த நங்கையாவைப் பார்த்துத் தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார்.

"இவன்கிட்ட என்னடி சொல்லுச்சு?" என்று நங்கையா என்னைக் கேட்டார்.

"நீங்க நல்லாக் குளிச்சீங்கன்னு சொல்லுச்சுங்க," என்றேன். வேறு ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஸ்டுட்கார்ட் வந்து சேருகிற வரைக்கும் அவர் முந்தியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன் தம்பி. இப்ப எதுக்குப் புள்ளையப் பிரிக்கறது? தாய்கிட்ட இருக்கற மாதிரி வருமா? படிப்பும் கெட்டுப் போகும். இங்கயே இருக்கட்டும்."

"நீங்க சொன்னாச் சரிங்க்கா," என்றார் இவர். உடனே என் பக்கம் திரும்பி மீசையை நீவினார். "நாந்தான் சொன்னனே? நாட்டைச் சுத்திப் பாத்தா அக்கா மனசு மாறிரும்னு!"

"ஆமாங்க," என்றேன். "அந்த அருவியைப் பாத்துத்தான் மாறிடுச்சு." அன்றைக்கு ரசத்துக்கு உப்பு சரியாக இருந்தது.

விமான நிலையத்தில் நங்கையா மகளைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது நடிப்பில்லை, எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்தில் அவ்வளவு பெரிய வீட்டில் அவருக்கென்று பேச ஒரு குழந்தையின் சத்தம் கிடையாது. அந்த ஒரு நிமிஷம் எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மிணி, புள்ள ஜெர்மன் பேசறது நல்லாத்தான் இருக்குது. இந்த ஊர்ல இருந்துக்கிட்டுத் தமிழு தமிழுன்னு அதைப் போட்டுப் பாடாப் படுத்தாத. என்ன?"

பிள்ளைக்குத் தமிழ் மறந்து போகுமென்று விமானம் ஏறி வந்த மனுஷி!

அதற்குப் பிறகு ஊரிலிருந்து கடுதாசி வரும். அவர் சொல்லச் சொல்லத் தபால்காரர் எழுதுவது. யாரோ எழுதுகிறதால் மனம் விட்டு எழுத முடியாது, பாவம். மழை, மாடு, முட்டி எல்லாம் சௌக்கியம் என்று வரும். கடைசியில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: 'புள்ளைக்குத் தமிழ் மறந்து விட்டதா?'

நான் கைப்பட எழுதுவேன். எழுத்துக் கோணல்மாணலாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்த ஒரு வரியை மட்டும் பெரிசாக, படித்துக் காட்டுகிற தபால்காரருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி எழுதுவேன். மறக்கவில்லைங்க நங்கையா. முன்னைக்கு இப்போது இன்னும் நன்றாகப் பேசுகிறாள்.

வெறும் வாய்ச்சொல் இல்லை அது. ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் நிற்காது என்று யார் யாரோ சொன்னார்கள். என் மகளுக்கு நின்றது. தினமும் பக்கத்தில் உட்கார வைத்து, கதை சொல்லச் சொல்லி, ஒரு வார்த்தை விடாமல் நான் பார்த்துக்கொண்டேன். முதலில் எந்தக் கதையைச் சொல்லச் சொல்லுவேன் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.